தொண்டி என்று பெயரிட்ட கோப்பு: பரவல் கோப்பு முறைமை வேறு இயங்குதளத்துக்குப் போகும்போது

ராமநாதபுரம் கரையில் தரவு சேர்கிற இடங்களுக்குக் குறைவில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது; அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் அதன் மையம் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைக் கணக்கெடுப்புகள். இவை தவிர, எந்தப் படகில் என்ன மீன், எத்தனை கிலோ என்று இறங்குதளங்களில் எழுதப்படும் அன்றாடக் கணக்கு.

இப்படிப்பட்ட ஒரு சிறு ஆய்வுக் குழுவை மனதில் வைத்துக்கொள்வோம். சர்வர் லினக்ஸ். இறங்குதளத்தில் கணக்கு எழுதுகிறவர் கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப். வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியர் மேக் வைத்திருக்கிறார். மூவருக்கும் ஒரே கோப்புகள் வேண்டும். "ஒரு ஷேர் போட்டு விட்ருங்க" என்பார்கள். சிக்னல் இருக்கும்வரை அது போதும்.

சிக்னல் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கரண்டும் சேர்ந்து போகும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்த பிறகும் இந்தக் கரைக்கு அருகே நகராமல் நின்றது பலருக்கு நினைவிருக்கும். ஷேரில் இருக்கிற கோப்பு அப்போது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. ஆனால் படகு வந்தால் மீன் இறங்கும். ஏலம் நெட்டுக்காகக் காத்திருக்காது. எனவே பல கணினிகள் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும், இணைப்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாத பரவல் கோப்பு முறைமை வேண்டும். கோடா என்று அப்படி ஒன்று இருக்கிறது, முப்பது ஆண்டுக்கு மேலாகவே இருக்கிறது. அது ஓர் இயங்குதளத்தில் பிறந்தது, நம் ஆட்கள் வேறொன்றில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ஒரு தளத்து நிரலை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோவதை நம் ஊர்க் கணினிக்காரர்கள் 'போர்ட் பண்றது' என்பார்கள். நிரலை எடுத்து இன்னொரு கம்பைலரில் போட்டு, வருகிற பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினால் முடிந்தது என்று தோன்றும். கணக்கு நிரலுக்கோ விளையாட்டுக்கோ அது ஓரளவு உண்மை. கோப்பு முறைமைக்கு இல்லை. இங்கே மாற்ற வேண்டியது நிரலை மட்டுமல்ல. கோப்பு என்றால் என்ன, பெயர் என்றால் என்ன, ஒரு கோப்பை 'மூடியாயிற்று' என்று எப்போது சொல்லலாம் என்று ஒவ்வோர் இயங்குதளமும் தன்மேல் ஓடுகிற நிரல்களுக்கு வாய்விட்டுச் சொல்லாமலே சில வாக்குறுதிகளைக் கொடுத்து வைத்திருக்கிறது. தளத்துக்குத் தளம் அவை வேறு. பாம்பன் விசைப்படகு பருவம் பார்த்து வடகடலிலிருந்து தென்கடலுக்குப் பாலத்தடியில் போகும். படகு அதேதான், ஆனால் கீழே சேற்றுத்தரைக்குப் பதில் பாறை. வலை கிழிவது அங்கேதான்.

கோடா எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில், ஐபிஎம் துணையோடு ஆண்ட்ரூ என்ற திட்டம் தொடங்கியது. வளாகத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இருந்தாலும் ஒரே கோப்பு மரத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். அதிலிருந்து வந்தது ஆண்ட்ரூ கோப்பு முறைமை, சுருக்கமாக ஏஎஃப்எஸ். அதன் வாரிசாக 1987-இல் தொடங்கியது கோடா. இரண்டிலும் முக்கியப் பங்கு மகாதேவ் சத்யநாராயணனுக்கு. சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அங்கே போனவர்.

கோடாவின் அடிப்படை எளிது. ஒரு கோப்பைத் திறந்தால் முழுக் கோப்பும் சர்வரிலிருந்து உங்கள் வன்தட்டுக்கு வந்துவிடும். படிப்பதும் எழுதுவதும் அந்த உள்ளூர்ப் பிரதியில். மூடும்போது மாற்றம் சர்வருக்குப் போகும். வேறு யாராவது அதை மாற்றினால் சொல்கிறேன் என்று சர்வர் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கும். அது சொல்லாதவரை உங்கள் பிரதி புதியது என்று நம்பலாம்.

இணைப்பு அறுந்தால்? முக்கியமான கோப்புகளை முன்கூட்டியே சேமித்து வைக்கச் சொல்லிப் பட்டியல் கொடுத்திருப்பீர்கள். அவற்றை வைத்து வேலை நடக்கும். நீங்கள் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக ஏறும்: இந்தக் கோப்பை உருவாக்கினார், இதற்கு எழுதினார், இதன் பெயரை மாற்றினார். ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி உடனே அழித்தால் இரண்டு வரியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குறிப்பேடு வீணாக ஊதாது. இணைப்பு வந்ததும் அந்தக் குறிப்பேட்டைச் சர்வரில் மீண்டும் நடத்திக் காட்டுவார்கள். இதை இங்கே மீளிணைப்பு என்று வைத்துக்கொள்கிறேன். இடையில் வேறொருவர் அதே கோப்பை மாற்றியிருந்தால் அது மோதல். மனிதர் வந்து தீர்க்க வேண்டும்.

மோதல் அடிக்கடி வராது என்று கோடாக் குழு நம்பியதற்குக் கணக்கு இருந்தது. தங்கள் ஏஎஃப்எஸ் சர்வர்களில் பார்த்தபோது, நடந்த மாற்றங்களில் 99 சதவீதத்துக்கு மேல், அதே கோப்பைக் கடைசியாக மாற்றியவரே மறுபடி மாற்றியவை. ஒரு நாளைக்குள் இரண்டு பேர் ஒரே பொருளில் கை வைக்கிற வாய்ப்பு அதிகபட்சம் 0.75 சதவீதம். இந்த எண்ணை நம் கரைக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது. அது ஒரு பல்கலைக்கழக வளாகத்துப் பழக்கம்: அவரவர் கட்டுரை, அவரவர் நிரல். இங்கே பாம்பன், மண்டபம், தொண்டி மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரே எக்ஸெல் கோப்பு வைத்து, மூவரும் அதில்தான் எழுதுவார்கள் என்றால் இணைப்பில்லாத ஒவ்வொரு நாளும் மோதல்தான். இறங்குதளத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று கோப்பைப் பிரித்துவிட்டால் பாதித் தலைவலி, எந்தப் போர்ட்டும் செய்வதற்கு முன்பே போய்விடும்.

எது எளிதாக நகரும், எது நகராது

கோடாவின் பெரும்பகுதி இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்கு வெளியே, வீனஸ் என்ற சாதாரண நிரலாக ஓடுகிறது. கேஷ் (உள்ளூர்ப் பிரதிகளின் சேமிப்பு), குறிப்பேடு, சர்வரோடு பேச்சு எல்லாம் அதன் பொறுப்பு. கெர்னலுக்குள் இருப்பது ஒரு சின்னத் துண்டு. யாராவது கோடாக் கோப்பைக் கேட்டால் அந்தத் துண்டு ஒரு சாதனக் கோப்பின் வழியாக வீனஸிடம் கேட்கும், வருகிற பதிலைக் கேட்டவரிடம் கொடுக்கும். கடினமான மூளை வேலையை வெளியே வைத்து, தளத்துக்குத் தளம் மாறுகிற பகுதியைச் சிறியதாக்கிய இந்த முடிவால்தான் மாக் என்ற கெர்னலில் (ஆப்பிளின் மேக் அல்ல) பிறந்த கோடா லினக்ஸ், நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, கடைசியில் விண்டோஸ்வரை போக முடிந்தது.

வெளியே இருக்கிற பெரும்பகுதியிலும் முள் உண்டு. வீனஸ் தன் இழைகளை (ஒரே நிரலுக்குள் மாறி மாறி ஓடும் வேலைகளை) தானே மாற்றிக்கொள்ளும் பழைய நூலகம் ஒன்றைப் பயன்படுத்தியது. ஸ்டாக்கை மாற்றுகிற இடத்தில் அசெம்பிளி வரிகள், ஒவ்வொரு பிராசஸருக்கும் தனியாக. மின்சாரம் போனாலும் குறிப்பேடு அழியாமலிருக்க, நினைவகத்தின் ஒரு பகுதியை வன்தட்டோடு இணைத்து வைத்திருந்தது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தப் பகுதி அதே முகவரியில் வந்து உட்கார வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கிற சுட்டிகள் (நினைவக இடங்களைக் காட்டும் குறிப்புகள்) எல்லாம் அந்த முகவரியை நம்பி எழுதப்பட்டவை. ஒரு தளத்தில் காலியாக இருக்கிற முகவரியில் இன்னொரு தளம் தன் நூலகங்களை ஏற்றி வைத்திருக்கும். ஆனாலும் இவை தீர்க்கக்கூடியவை. கண்டுபிடிக்கவும் எளிது, நிரல் உடனே விழுந்துவிடும்.

உடனே விழாதவைதான் ஆளைக் கொல்லும். விண்டோஸ் 95-க்கு கோடாவைக் கொண்டுபோன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் பிராம், சத்யநாராயணன் முதலியோர் 1990களின் இரண்டாம் பாதியில் செய்த வேலை. விண்டோஸ் 95-இல் பழைய 16 பிட் பகுதிகளைக் காப்பதற்கு ஒரே ஒரு பொதுப்பூட்டு உண்டு; ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதை வைத்திருக்கலாம். ஏதோ ஒரு நிரல் அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கோடாக் கோப்பு ஒன்றைக் கேட்கிறது. கெர்னல் துண்டு அதை நிறுத்தி வைத்துவிட்டு வீனஸிடம் கேட்கிறது. வீனஸ் சாதாரண விண்டோஸ் நிரலாக இருந்தால், பதில் சொல்வதற்கு இடையில் அதே பூட்டு அதற்கும் வேண்டியிருக்கலாம். இவர் அவருக்காக, அவர் இவருக்காக. கணினி அப்படியே நின்றுவிடும்.

அவர்கள் கண்ட வழி விசித்திரமானது, ஆனால் சரியானது. வீனஸை விண்டோஸ் நிரலாக எழுதாமல் விண்டோஸுக்கு முந்தைய தளமான டாஸின் நிரலாக ஆக்கினார்கள். டாஸுக்காக ஜிசிசி கம்பைலரைக் கொண்டுவந்த டிஜேஜிபிபி என்ற கருவித்தொகுப்பில் கம்பைல் செய்து, டாஸ் பெட்டிக்குள் ஓட விட்டார்கள். டாஸ் பெட்டிக்கு அந்தப் பூட்டோடு சம்பந்தம் இல்லை. விண்டோஸ் என்டிக்கு இந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. அங்கே யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவும் சிக்வின் போதுமானதாக இருந்தது. பழைய தளத்தைவிட இன்னும் பழைய தளத்துக்குள் ஒளிந்துகொண்டு வேலையை முடித்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தக் கையேட்டிலும் இப்படி ஒரு வழி எழுதியிருக்காது.

இதே பூட்டுச் சண்டை வேறு உருவத்தில் இன்றும் உண்டு. நினைவகம் நிரம்பும்போது கெர்னல், இன்னும் எழுதாமல் கிடக்கிற நினைவகப் பக்கங்களை வன்தட்டுக்குத் தள்ளி இடம் பிடிக்கப் பார்க்கும். அந்தப் பக்கங்கள் நம் கோப்பு முறைமையுடையவை என்றால், தள்ளுவதற்கு வெளியே ஓடும் நிரலின் உதவி வேண்டும். அந்த நிரலுக்கு ஓடுவதற்கே நினைவகம் வேண்டும். நாலு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் பெரிய பவளப்பாறைப் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் இது சீக்கிரமே முகம் காட்டும். புது மெஷினில் சோதித்துவிட்டு 'நல்லா ஓடுது' என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

கெர்னலைத் தொடாமல் போகிற குறுக்கு வழி

கெர்னல் துண்டு எழுதுவது கடினம் என்றால் அதை எழுதாமலே இருக்க முடியுமா? முடியும். ஒவ்வொரு தளத்துக்கும் ஏதோ ஒரு நெட்வொர்க் கோப்பு நெறிமுறை பிறவியிலேயே தெரியும். விண்டோஸுக்கு எஸ்எம்பி, மேக்குக்கும் யூனிக்ஸ்களுக்கும் என்எஃப்எஸ். உங்கள் நிரல் அதே கணினிக்குள் ஒரு பொய் சர்வராக நின்றால் போதும்; தளம் தன் பழைய பழக்கப்படி அதனோடு பேசும், பின்னால் வேறு ஆள் இருப்பது அதற்குத் தெரியாது.

ஏஎஃப்எஸ்ஸின் திறமூல வடிவமான ஓபன்ஏஎஃப்எஸ் விண்டோஸில் பல ஆண்டுகள் இப்படித்தான் வாழ்ந்தது. லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போலி நெட்வொர்க் கார்டு, அதன்மேல் ஒரு எஸ்எம்பி சர்வர். வேலை நடந்தது, ஆனால் எஸ்எம்பியின் காலக்கெடுகளும் கட்டுப்பாடுகளும் சேர்ந்தே வந்தன. தொலைவிலிருக்கிற சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், உள்ளூர் எஸ்எம்பி பொறுமையிழந்து இணைப்பையே அறுத்துவிடும். கடைசியில் 1.7 பதிப்பில் கெர்னல் டிரைவரையே எழுதினார்கள். குறுக்கு வழி தூரத்தைக் குறைத்தது, கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டியிருந்தது.

லினக்ஸில் 2005-இல் 2.6.14 கெர்னலோடு ஃப்யூஸ் வந்தபிறகு நிலைமை மாறியது. கோடாவின் சின்னத் துண்டு செய்ததை எல்லோருக்கும் பொதுவாகச் செய்து கொடுக்கிறது ஃப்யூஸ். விண்டோஸுக்கு டோக்கனும் வின்எஃப்எஸ்பியும் அதே வேலைக்கு இருக்கின்றன. பெரிய பரவல் அமைப்பான செஃப் 2021-இல் விண்டோஸுக்கு வந்தபோது அதன் கோப்பு முறைமை டோக்கன் மேல்தான் ஏறி வந்தது. மேக்கில் கதை வேறு திசையில் போகிறது. 2019-இன் கேட்டலினாவிலிருந்து ஆப்பிள் மூன்றாமவர் கெர்னல் துண்டுகளை ஓரங்கட்டத் தொடங்கியது. 2024-இல் வந்த செகோயாவில் கெர்னலுக்கு வெளியே கோப்பு முறைமை எழுத எஃப்எஸ்கிட் என்ற வழியைத் திறந்தது. ஆண்ட்ராய்டைப் பற்றி ஒரு வரி: அதன் கெர்னல் லினக்ஸ்தான், ஆனாலும் சாதாரண ஆப்புக்கு எந்தக் கோப்பு முறைமையையும் தளத்தோடு இணைக்க, அதாவது மவுண்ட் பண்ண, உரிமை கிடையாது. கெர்னல் ஒன்று என்பதால் தளம் ஒன்றாகிவிடாது.

இந்தப் பொதுத் துண்டுகள் இருப்பதால் போர்ட் எளிதாகிவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. கெர்னலில் விழுந்து கணினியே நிற்பது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். வாக்குறுதிகள் வேறுபடுவது அப்படியே இருக்கிறது. முன்பு சத்தமாக விழுந்தது, இப்போது சத்தமில்லாமல் தப்பாகிறது.

மூடுவதும் அழிப்பதும்

கோடாவுக்கும் ஏஎஃப்எஸ்ஸுக்கும் உயிர்நாடி, கோப்பை மூடுகிற கணம். அப்போதுதான் மாற்றம் சர்வருக்குப் போகிறது. யூனிக்ஸில் மூடுவது ஓர் அழைப்பு. அது பிழையைத் திருப்பித் தரலாம். ஆனால் எத்தனை நிரல்கள் மூடும்போது வருகிற பிழையைப் பார்க்கின்றன? உள்ளூர் வன்தட்டில் மூடுவது தோற்பது அபூர்வம், அதனால் யாரும் பார்க்கப் பழகவில்லை. ஃப்யூஸில் இது இரண்டாகப் பிரிகிறது: ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு தகவல், கடைசிப் பிடியும் விட்டபிறகு இன்னொரு தகவல். இரண்டாவதில் நீங்கள் சொல்கிற பிழை யாருக்கும் போய்ச் சேராது. சர்வருக்கு அனுப்புகிற வேலையை அதில் வைத்தால், தோற்றது பயனருக்குத் தெரியவே தெரியாது.

விண்டோஸிலும் இரண்டு கட்டம் உண்டு, ஆனால் வேறு மாதிரி. கடைசிக் கைப்பிடி மூடியதும் ஒரு செய்தி. கெர்னலுக்குள் யாருமே அந்தக் கோப்பைப் பிடித்திருக்கவில்லை என்றானதும் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நீண்ட நேரம் ஆகலாம், ஏனென்றால் நினைவக மேலாளர் கோப்பின் பக்கங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கும். முதல் செய்தியிலேயே அனுப்பினால் நினைவகத்தில் எழுதிக் கிடக்கிறவை விடுபடலாம். இரண்டாவதுவரை காத்திருந்தால் பயனர் லேப்டாப்பை மடித்துப் பையில் போட்டிருப்பார். முதலில் பக்கங்களைத் தள்ளச் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும்.

அழிப்பது இன்னொன்று. யூனிக்ஸில் ஒருவர் திறந்து வைத்திருக்கிற கோப்பை இன்னொருவர் அழிக்கலாம். பெயர் போகும், உள்ளடக்கம் திறந்தவர் விடும்வரை இருக்கும். விண்டோஸ் மரபில், திறந்தவர் அனுமதி கொடுக்காவிட்டால் அழிக்க முடியாது. விண்டோஸ் 10 காலத்தில் விண்டோஸின் சொந்தக் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் யூனிக்ஸ் பாணி அழிப்பையும் கற்றுக்கொண்டது, ஆனால் மற்ற முறைமைகள் அதைத் தாமாகச் செய்யா. லினக்ஸில் யாரோ அழித்த கோப்பு, விண்டோஸில் எக்ஸெல் திறந்து வைத்திருப்பது என்றால் என்ன செய்வது? இரண்டு தளத்தின் வாக்குறுதியையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. எதை மீறுவது என்று போர்ட் செய்கிறவர் முடிவெடுக்க வேண்டும்.

பயனர் அடையாளம், உரிமைப் பட்டியல், நேரக் கணக்கு இவற்றிலும் வேறுபாடு உண்டு. யூனிக்ஸ் 1970-இலிருந்து நேரத்தை எண்ணுகிறது, விண்டோஸ் 1601-இலிருந்து. இவற்றுக்கு நன்கு தெரிந்த தீர்வுகள் இருக்கின்றன, நேரம் செலவாகும், அவ்வளவே.

பெயர்

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு உண்மையான கண்ணிவெடி இங்கேதான். ஆங்கிலக்காரர்களுக்குத் தலைவலியான பெரிய எழுத்து, சின்ன எழுத்துச் சண்டை நமக்கு இல்லை. தமிழில் அந்தப் பிரிவே கிடையாது. அந்த மகிழ்ச்சி நீடிக்காது.

'தொண்டி' என்று ஓர் உறையை (ஃபோல்டர்) உருவாக்குகிறோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான ஒருங்குறியில் ஒகரக் குறிக்குத் தனி எண் உண்டு. அதையே எகரக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே இரட்டை வாழ்வு. அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட். எனவே தொண்டி முதல் வடிவில் 18 பைட், இரண்டாம் வடிவில் 21 பைட்.

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. 18 பைட் தொண்டியும் 21 பைட் தொண்டியும் அதற்கு இரு வேறு ஊர்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், கொடுத்த பெயரை வாங்கிப் பிரித்து, எப்போதும் இரட்டை வடிவில்தான் எழுதி வைக்கும். பின்னால் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும், ஆனால் ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். பேராசிரியர் பழைய மேக்கிலிருந்து கொண்டுவந்து போட்ட 'தொண்டி'யும், லேப்டாப்காரர் விண்டோஸில் உருவாக்கிய 'தொண்டி'யும் சர்வரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் வைகாசிக் கணக்கு, இன்னொன்றில் ஆனிக் கணக்கு. மோர்ப்பண்ணைக்கும் இதே கதிதான். கீழக்கரையும் ஏர்வாடியும் தப்பித்தன.

'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைக்கிற தட்டச்சுப் பழக்கத்தை எந்தக் கோப்பு முறைமையாலும் சரிசெய்ய முடியாது. அது வேறு பஞ்சாயத்து.

நீளம் அடுத்த சிக்கல். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட். விண்டோஸில் 255 எண்கள், அதாவது 16 பிட் அலகுகள். ஆங்கிலப் பெயருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தமிழுக்கு லினக்ஸில் 85 எண்கள்தான் கிடைக்கும். 'தேவிபட்டினம்' 12 எண்கள், 36 பைட். இடைவெளி விடாமல் அந்தப் பெயரை விண்டோஸில் 21 முறை எழுதலாம், லினக்ஸில் 7 முறை. கேலியாகத் தோன்றலாம். ஆனால் ஊர், படகு வகை, வலை வகை, கடல், தேதி, எழுதியவர் என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே வைக்கிற நம் அலுவலகப் பழக்கத்துக்கு 85 ஒன்றும் பெரிய இடமில்லை.

எதிர்த் திசையிலும் ஒன்று. லினக்ஸில் ஓடுகிற அலைமானி நிரல் தன் பதிவுக்கு மணி நேரத்தைப் பெயராக வைக்கும், நடுவில் முக்காற்புள்ளியோடு. விண்டோஸில் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. என்டிஎஃப்எஸ்ஸில் அது வேறொரு பொருள் தரும் குறி. சிக்வின் போன்றவை இத்தகைய குறிகளை ஒருங்குறியின் தனிப் பயன்பாட்டுப் பகுதிக்கு நகர்த்தி எழுதிவிட்டு, திரும்பும்போது மீட்டெடுக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே அட்டவணையைப் பின்பற்றினால் சரி. ஒரு பக்கம் மட்டும் என்றால், சர்வரில் யாராலும் தட்டச்சு செய்ய முடியாத பெயரோடு கோப்பு நிற்கும்.

இணைப்பு இல்லாதபோது எல்லாம் சரியாகவே தெரியும்

இணைப்போடு இருக்கிற முறைமையில் இந்த வேறுபாடுகள் அப்போதே கையைச் சுடும். நீளமான பெயர் வைத்தால் சர்வர் உடனே மறுக்கும், பயனர் சுருக்கி வைப்பார். இணைப்பில்லாதபோது மறுக்கச் சர்வர் இல்லை. லேப்டாப் தன் தளத்தின் விதிப்படி பெயரை ஏற்றுக்கொள்ளும், குறிப்பேட்டில் எழுதும். இரண்டு நாள் கழித்து சிக்னல் வந்து மீளிணைப்பு தொடங்கும்போது அந்த வரியில் சர்வர் மறுக்கும். அந்த வரியை நம்பி அதற்குப் பின் வந்த வரிகளும் நிற்கும். எழுதியவர் அதற்குள் வேறு இறங்குதளத்துக்குப் போயிருப்பார். இது இருவர் ஒரே கோப்பில் கைவைத்த மோதல் அல்ல. ஒரே ஆள், ஒரே கோப்பு, இரண்டு தளத்துச் சட்டம்.

அதனால்தான் இணைப்பில்லாமல் ஓடுகிற முறைமைக்குப் போர்ட் எழுதும்போது, எல்லாத் தளங்களின் விதிகளிலும் மிகக் குறுகியதை உருவாக்குகிற கணத்திலேயே அமல்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. 255 பைட்டுக்கு மேல் போகிற தமிழ்ப் பெயரை விண்டோஸ் லேப்டாப்பே, நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்போதே மறுக்கட்டும். உள்ளே வருகிற எல்லாப் பெயரையும் ஒரே ஒருங்குறி வடிவுக்கு மாற்றியே குறிப்பேட்டில் எழுதட்டும். பயனர் முணுமுணுப்பார். பிறகு ஒரு வாரத்துக் கணக்கைத் தேடுவதைவிட அது மேல். 'தளம் அனுமதிக்கிற அத்தனையையும் அனுமதிப்பதே நல்ல போர்ட்' என்கிற வாதத்தை, கேபிள் ஒருபோதும் அறாத கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

சிக்னல் இருந்தும் இல்லாமலும் தவிக்கிற நேரத்துக்குக் கோடாவில் இன்னொரு ஏற்பாடு உண்டு. மெலிந்த இணைப்பில் எல்லாவற்றையும் உடனே அனுப்பாமல், குறிப்பேட்டில் ஏறிப் பத்து நிமிடம் ஆன வரிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்ட விடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பயனர் உருவாக்கி அழித்தவை நெட்டுக்கே வராமல் அடிபட்டுப் போகும். ஆனால் அதுவும் தளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் நிரல்கள் பல, சேமிக்கும்போது புதுப் பெயரில் எழுதி, பழையதை நகர்த்தி, புதியதைப் பழைய பெயருக்கு மாற்றும். எந்தப் பெயர் மாற்றம் எதை அடிக்கும் என்று அந்த நடனத்தைப் புரிந்து எழுதாவிட்டால், ஒவ்வொரு சேமிப்புக்கும் முழுக் கோப்பும் போகும்.

இந்த வேலைகளைப் பார்க்க நம் கரையில் ஒரு வசதியான காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, இறங்குதளத்துக் கணக்கும் குறையும். பழைய ஆண்டின் உண்மையான கோப்புகளை, உண்மையான பெயர்களோடு, இருப்பதிலேயே மோசமான லேப்டாப்பில் ஏற்றிச் சோதிக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே வைஃபையை அணைக்க வேண்டும், பேட்டரியைப் பிடுங்க வேண்டும். மேக்கில் உருவாக்கி, விண்டோஸில் பெயர் மாற்றி, லினக்ஸில் அழித்துப் பார்க்க வேண்டும். சர்வர் மறுத்த வரிகள் எந்த உறையில் போய் விழுகின்றன, அதைத் தினமும் திறந்து பார்க்கிற ஆள் யார் என்பதைப் படகுகள் கடலுக்குப் போவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.